நீச்சல் வகுப்பு நேரம் காலண்டரில் தப்பாக ஏறுகிறது, அவசரம்

குளக்கரை:
பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம், ஊர்ப் பொது நீச்சல் குளம். லீவு வகுப்புக்குப் பெற்றோர் ஃபார்மில் பேட்ச் தேர்ந்தெடுத்தால் கோச்சின் காலண்டரில் தானாக ஏற வேண்டும். ஏறுகிறது, ஆனால் நேரம் தப்பு. திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பம். யாராவது சொல்லுங்கள்.

எக்செல்பித்தன்:
எந்த ஃபார்ம்? நீங்களே ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) எழுதினீர்களா, யாரோ செய்து வைத்த ஆட்-ஆனா? எத்தனை மணி தப்பு?

சித்தூர்க்காரன்:
இரண்டு பேர் ஒரே சமயத்தில் அனுப்பியிருப்பார்கள். ஸ்கிரிப்டில் லாக்சர்வீஸ் போடுங்கள், ஒருவர் பதிவு முடியும்வரை அடுத்தவரை நிறுத்தி வைக்கும் பூட்டு அது. தீர்ந்துவிடும்.

பழையகணக்கு:
என்ன வைத்துச் செய்தீர்கள், என்ன வந்தது என்று முதலில் எழுதப் பழகுங்கள். இங்கே இதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது? நாலு பேட்சுக்கு ஒரு நோட்டு போதும்.

குளக்கரை:
கூகுள் ஃபார்ம், ஷீட், அவற்றோடு வரும் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் எழுதிய நிரல். காலை 6 மணி பேட்ச் பிற்பகல் 3.30க்கு ஏறுகிறது. பிப்ரவரி தேதி போட்டுச் சோதித்தபோது 4.30 காட்டியது. ஷீட்டில் இந்திய நேரம்தான் இருக்கிறது.

எக்செல்பித்தன்:
அந்த ஒரு மணி வித்தியாசம்தான் துப்பு. ஸ்கிரிப்ட் நியூயார்க் நேரத்தில் ஓடுகிறது. அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைப்பார்கள். நமக்கும் அவர்களுக்கும் 10½ மணியாக இருந்த இடைவெளி 9½ ஆகிவிடும். ஷீட்டுக்கும் ஸ்கிரிப்டுக்கும் டைம் ஸோன் தனித்தனி, ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. புராஜெக்ட் செட்டிங்ஸில் கொல்கத்தா நேரம் வையுங்கள். ஏற்கெனவே ஏறியதை அழித்து மறுபடி ஏற்ற வேண்டும். லாக் போட்டால் ஒரே இடம் இருவருக்குப் போகாது, அவ்வளவுதான். நேரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நீச்சல்டீச்சர்:
அப்படியே மாலை பேட்சை ரத்து செய்து எல்லோருக்கும் மெயில் போகவும் வழி வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் நம் பக்கம் மதியத்துக்கு மேல் இடிமழை. இடி கேட்டதும் பிள்ளைகள் கரையேற வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் யாரும் இறங்கக் கூடாது.

சித்தூர்க்காரன்:
எங்கோ இடித்ததற்கெல்லாமா? அப்படிப் பார்த்தால் மே மாதம் வகுப்பே நடக்காது.

நீச்சல்டீச்சர்:
இடி காதில் விழுந்தால் மின்னல் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறோம். குழாய், கைப்பிடிக் கம்பி வழியாகவும் பாயும். பிள்ளைகள் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பழையகணக்கு:
இதற்கும் மெயிலா? வாட்ச்மேனிடம் ஒரு விசில் கொடுங்கள்.

சித்தூர்க்காரன்:
அண்ணா, விசில் குளத்தில் இருப்பவர்களுக்கு. வேலந்தாவளத்திலிருந்து பிள்ளையை வண்டியில் கூட்டிக்கொண்டு வருகிறவருக்கு யார் சொல்வது?

குளக்கரை:
டைம் ஸோன்தான். இப்போது சரியாக ஏறுகிறது. நன்றி எக்செல்பித்தன்.

எக்செல்பித்தன்:
சரி. பேட்ச் நிறைந்த பிறகு அந்த நேரத்தை ஃபார்மிலிருந்து எடுக்க ஸ்கிரிப்டில் வழி வைத்திருக்கிறீர்களா? ஃபார்ம் தானாக எடுக்காது.