லெட் செப்பலின் 2: ‘ஆர்எல்’ தட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: லெட் செப்பலின் ராக் குழுவின் இரண்டாம் ஆல்பத்தின் 1969 அமெரிக்க இசைத்தட்டு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. உறை ஓரம் கிழிசல். வாங்கலாமா?

பதில்: உறையை விடுங்கள். லேபிளைச் சுற்றிப் பாட்டில்லாத வளையம் இருக்கும், அதைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். ‘ஆர்எல்’ என்று கீறியிருந்தால், அச்சுக்கான மூலத்தட்டை வெட்டியவர் ஒலிப்பொறியாளர் ராபர்ட் லட்விக். அவர் சத்தத்தைத் தூக்கி வெட்டியதில் மலிவான பிளேயர்களில் ஊசி துள்ளியது, அட்லாண்டிக் நிறுவனம் அடக்கி மறுபடி வெட்டவைத்தது. அந்த அடக்கமான தட்டில் குழுவின் டிரம்மர் போனம் போர்வைக்குள் அடித்த மாதிரி! இரண்டு பக்கமும் பாருங்கள்.

இன்னொருவர்: போட்டுக் கேட்காமல் வாங்காதீர்கள். கனத்த ஊசி உழுத தட்டு என்றால் ‘ஆர்எல்’ இருந்தும் கரகரப்புதான்.

கேட்டவர்: சரி, டார்ச்சோடு போகிறேன்.

பதில்: போங்கள். பேரம் முடியும்வரை ‘ஆர்எல்’ பற்றி வாயே திறக்காதீர்கள்.