கார் டோர்ல ரெண்டு ஒடுக்கு, பட்டி போடாம எடுக்க முடியுமா?

கொருக்குப்பேட்டைக்காரன்:
2018 ஸ்விஃப்ட், சில்வர் கலர். ராத்திரி தெருவுல நிறுத்தினது, காலைல பார்த்தா பின் டோர்ல ரெண்டு ஒடுக்கு. ஏதோ பைக் சாய்ஞ்சிருக்கு. நடுவுல இருக்கறது உள்ளங்கை அளவு, பெயிண்ட் நல்லாதான் இருக்கு. இன்னொண்ணு கீழ மடிப்புக் கோட்டு மேலயே விழுந்திருக்கு, நகம் வச்சா தட்டுது, பெயிண்ட் விரிசல். தண்டையார்பேட்டைல ஒரு பட்டறைல முழு டோருக்கும் பட்டி (பள்ளத்தை நிரப்பற பூச்சு) வச்சு பெயிண்ட் அடிச்சிடலாம்னு 4,500 கேக்கறாங்க. இல்ல இன்ஷூரன்ஸ்ல போயிடலாமா?

வியாசர்பாடி மணி:
கொதிக்கற தண்ணி ஊத்து தல, பின்னாடி இருந்து கையால தள்ளு. டப்புனு வந்துடும். என் பம்பருக்கு அப்படித்தான் பண்ணேன்.

ராயபுரம் டிங்கர் மவன்:
மணி, பம்பர் பிளாஸ்டிக், சூட்டுக்கு இளகும். டோர் இரும்புத் தகடு, சுடுதண்ணிக்கெல்லாம் மசியாது. ஹேர் டிரையர் வீடியோவையும் நம்பாதீங்க.

அண்ணே, நடு ஒடுக்குக்கு பட்டி வேணவே வேணாம். பெயிண்ட் உடையாததை பெயிண்ட் இல்லாமலே எடுக்கற ஆளுங்க இருக்காங்க. கண்ணாடியை இறக்கி, அந்த இடுக்குல வளைஞ்ச கம்பியை விட்டு பின்னாடி இருந்து கொஞ்சம் கொஞ்சமா நெம்புவாங்க. வழி கிடைக்கலைன்னா டோர் பேடை, அதான் உள்பக்க மூடியை, கழட்டுவாங்க, இல்ல வெளிய பசை ஒட்டி இழுப்பாங்க. பக்கத்துல டியூப் லைட்டு பிடிச்சிருப்பாங்க, அந்த வெளிச்சக் கோடு நேரானா தகடும் நேராயிடுச்சுன்னு அர்த்தம். எங்கப்பா அந்தக் கோட்டைப் பார்த்துட்டே அரை மணி நேரம் பேசமாட்டாரு, டீ வந்தாக்கூட திரும்பமாட்டாரு.

செகண்ட் ஹேண்டா வாங்கின வண்டியா? அப்படின்னா முதல்ல ஒரு சின்ன காந்தத்தைத் துணில சுத்தி டோர் மேல ஓட்டிப் பாருங்க. பிடி விடற இடத்துல பழைய பட்டி இருக்கும். அங்க பசை போட்டு இழுத்தா பெயிண்டோட கையில வந்துடும்.

கீழ உள்ளதை மட்டும் தள்ளிப் போடாதீங்க. மடிப்புல தகடு விறைப்பு, பெயிண்டும் விரிசல், அதைத் தட்டி எடுத்து பட்டி, பெயிண்ட்னுதான் போகணும். நம்ம பக்கம் கடல் காத்து, விரிசல்ல உப்பு இறங்கினா துரு உள்ள பரவும். அதுவரைக்கும் துடைச்சு காயவிட்டு டச்சப் பெயிண்ட் ஒரு சொட்டு வையுங்க. சில்வர்ல புது பெயிண்டோட ஷேடு வித்தியாசம் காட்டிக்குடுத்துடும், வெயில்ல நிறுத்திப் பார்த்துட்டு காசு குடுங்க.

பெரம்பூர் அக்கவுண்டன்ட்:
இன்ஷூரன்ஸ் வேணாம் சார். 1500 சிசி வரைக்கும் உள்ள காருக்கு 1,000 ரூபா நாமளே கட்டணும். கிளெய்ம் பண்ணாத வருஷத்துக்கெல்லாம் ஓன் டேமேஜ் (நம்ம வண்டி சேதத்துக்கான) பிரீமியத்துல கழிவு தராங்களே, 20லேருந்து 50 சதவீதம் வரைக்கும், இப்ப கிளெய்ம் பண்ணா அது அடுத்த வருஷம் பூஜ்யம் ஆயிடும். அந்தக் கழிவைக் காப்பாத்தற ஆட்-ஆன் தனியா காசு கட்டி எடுத்திருந்தாதான் தப்பிக்கும். பாலிசியை எடுத்துப் பார்த்துக் கணக்குப் போடுங்க.

கொருக்குப்பேட்டைக்காரன்:
முதல் ஓனர் நான்தான், காந்தம் எல்லா இடத்துலயும் ஒட்டுச்சு. நடுவுல இருந்ததை கம்பி விட்டு எடுத்தாச்சு, 1,200 ஆச்சு. டியூப் லைட்ல குனிஞ்சு பார்த்தா லேசா ஒரு அலை தெரியுது, என்னைத் தவிர யாரும் குனியப் போறதில்ல. கீழ உள்ளதுக்கு சனிக்கிழமை வண்டியை விடறேன். எதிர்வீட்டுப் பையன் பைக் ஹேண்டில் முனையில சில்வர் ஒட்டியிருக்கு. கேட்டா, "அண்ணே, அது பழசு"ங்கறான்.