புதுப்பிப்பு: கடைசிப் புத்தகத்தை முடித்துவிட்டேன்

‘தி வீல் ஆஃப் டைம்’ என்ற மாயாஜாலக் கற்பனை நாவல் தொடரின் 14ஆவது, கடைசிப் புத்தகத்தைத் திறக்கவே மனசு வரவில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். நேற்று ராத்திரி முடித்தேன்.

இறுதிப் போர் நடக்கும் 37ஆவது அத்தியாயம் ஒன்றே கிட்டத்தட்ட 200 பக்கம். நடுவில் புத்தகத்தைக் கீழே வைக்கவே முடியவில்லை.

தொடரை எழுதிவந்த ராபர்ட் ஜோர்டன் 2007இல் இறந்துபோக, அவருடைய குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் முடித்த கதை இது. நடை மாறியது தெரிகிறது, முக்கியமாக மேட் என்ற கதாபாத்திரம் பேசும் இடங்களில். ஆனால் முடிவுரையில் பெரும்பகுதி ஜோர்டனே எழுதிவைத்துவிட்டுப் போனது. அங்கே வந்ததும் பழைய குரல் சட்டென்று அடையாளம் தெரிந்தது, கண் கலங்கிவிட்டது. அந்தப் புகைக்குழாய்க் காட்சியை மட்டும் மூன்று தடவை படித்தேன். என்னவென்று சொல்ல மாட்டேன்.

12ஆவதோடு நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தவருக்கு: வேண்டாம், தயவுசெய்து படியுங்கள்.