லான்பெரிஸில் மழை, ஒரு பெரிய கோப்பை டீ: பாறை ஏறப் போனவர்கள் எங்கே சாப்பிட்டீர்கள்?

மான்செஸ்டரிலிருந்து:

ஏறிய பாறையைப் பற்றி நாம் நிறைய எழுதிவிட்டோம். ஏறி இறங்கிய பிறகு எங்கே உட்கார்ந்து சாப்பிட்டோம், அங்கே யாரைப் பார்த்தோம் என்று யாரும் எழுதுவதில்லை. வட வேல்ஸில் லான்பெரிஸ் என்ற சின்ன ஊரின் பெயரைக் கேட்டாலே எனக்கு ஒரு சாப்பாட்டு மேசைதான் நினைவுக்கு வரும். அதனால் நானே தொடங்குகிறேன்.

2016 அக்டோபர். எனக்குச் சொந்த ஊர் மதுரை, இங்கே நர்ஸ் வேலை. ஒரு வருடமாக உள்ளரங்கச் சுவரில் ஏறிப் பழகியிருந்தேன். நிஜப் பாறையில் கை வைத்ததில்லை. வார்டில் என்னோடு வேலை பார்க்கும் தோழியும் நானும் லான்பெரிஸ் கணவாயில் இருக்கும் டினாஸ் கிராம்லெக் பாறைக்குப் போனோம். விரித்து நிமிர்த்தி வைத்த புத்தகம் மாதிரி இரண்டு சுவர்கள். அவை சேரும் மடிப்புதான் செனோடாஃப் கார்னர். மான்செஸ்டரில் பிளம்பராக இருந்த ஜோ பிரவுன் 1952-ல் முதன்முதலில் ஏறியது. 1955-ல் கஞ்சன்ஜங்கா உச்சியை முதலில் எட்டிய இருவரில் அவரும் ஒருவர். சிக்கிம் மக்களின் நம்பிக்கையை மதித்து, உச்சிக்குச் சில அடி கீழேயே நின்றுவிட்டுத் திரும்பியவர்கள். அந்த மடிப்பில் ஏறும் தகுதி எங்களுக்கு இல்லை. அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் எளிய வழியான ஃபிளையிங் பட்ரஸில் ஏறலாம் என்பதுதான் திட்டம்.

பாறையடிக்குப் போய்ச் சேரும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. நனைந்த கயிறு வேறு கனத்தது. ஊருக்குள் திரும்பி, பீட்ஸ் ஈட்ஸ் என்ற கஃபேக்குள் நுழைந்தோம். 1978-ல் தொடங்கியது, மலையேறுகிறவர்களுக்கு அது அன்னசத்திரம் மாதிரி இருந்தது. கண்ணாடி ஜன்னல் முழுக்க ஆவி படிந்திருந்தது. நாற்காலி முதுகுகளில் ஈர ஜாக்கெட். தனி மேசை கிடைக்கவில்லை, ஏற்கெனவே ஒருவர் இருந்த மேசையில் எங்களை உட்காரச் சொன்னார்கள்.

டீ ஒரு பைன்ட் குவளையில் வந்தது, அதாவது அரை லிட்டருக்கும் மேல். நான் சைவம் என்பதால் சிப் பட்டி கேட்டேன். வெண்ணெய் தடவிய இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவில் சுடச்சுட உருளைக்கிழங்குச் சிப்ஸ், அவ்வளவுதான். உடம்பு நடுங்கிக்கொண்டு இருக்கும்போது அதைவிட நல்ல சாப்பாட்டை இன்றுவரை நான் சாப்பிட்டதில்லை.

எதிரே இருந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். விரல் நுனியெல்லாம் வெடிப்பு, நகக்கண்ணில் சாக் பொடி. எங்கள் கைடுபுக்கைப் பார்த்ததும் பேச ஆரம்பித்தார். எங்கே போனீர்கள், எவ்வளவு நாளாக ஏறுகிறீர்கள், யார் சொல்லிக்கொடுத்தது? ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, நாளைக்குக் கணவாய்ப் பக்கம் போகாதீர்கள், மழை நின்றாலும் அங்கே பாறை ஒழுகிக்கொண்டே இருக்கும், சிலேட்டுக் கல் குவாரிப் பக்கம் போங்கள், காற்றடித்தால் சீக்கிரம் காய்ந்துவிடும் என்றார். மாடியில் வைத்திருந்த பழைய புத்தகங்களிலிருந்து ஒன்றை எடுத்து வந்து, பஸ் ஸ்டாப் என்ற குவாரியில் எங்களுக்கு ஏற்ற மூன்று வழிகளைப் பேப்பர் நாப்கினில் படம் போட்டுக் காட்டினார். அதோடு விடவில்லை. என் ஷூ லேஸைக் கழற்றச் சொல்லி, கயிற்றை இடுப்பில் கட்டும் ‘8’ வடிவ முடிச்சை அந்த மேசையிலேயே போடச் சொன்னார். போட்டேன். அவிழ்த்து மறுபடி போடு என்றார். நான்கு தடவை. வார்டில் ஒரு ஷிஃப்டிலிருந்து அடுத்த ஷிஃப்டுக்கு நோயாளியை ஒப்படைக்கும்போது சீனியர் சிஸ்டர் இப்படித்தான் கேள்வி கேட்பார்கள். அந்த ஊரில் எனக்கு நம்பிக்கை வந்தது அந்த நான்காவது முடிச்சில்.

மறுநாள் பத்து மணிக்கு அவரே குவாரிக்கு வந்து கயிறு பிடித்தார். முதல்நாள் காரிலேயே இருந்துவிட்ட தயிர்சாத டிபன் கொஞ்சம் புளித்திருந்தது. மாவடுவோடு அவருக்குக் கொடுத்தேன். மாவடுவைக் கடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

ஹாரோவிலிருந்து:

அக்கா, நீங்கள் சொன்ன மழை எங்களையும் விடவில்லை. நாங்கள் மூன்று பேர் ஈஸ்டர் லீவுக்குப் போனனாங்கள். லான்பெரிஸில் மழை எண்டால் ட்ரெமடாக் எண்ட ஊர்ப் பாறைக்குப் போங்கோ எண்டு எல்லாரும் சொல்லுவினம். கடலுக்குக் கிட்ட இருக்கிறதாலே அங்கே மழை குறைவு. கார் நிப்பாட்டின இடத்திலே இருந்து பாறைக்குச் சில நிமிச நடைதான்.

அந்தப் பாறைக்கு நேரெதிரே, வீதிக்கு மற்றப் பக்கம் எரிக்ஸ் கஃபே. அதைத் தொடங்கின எரிக் ஜோன்ஸ் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1981-இல் சுவிஸிலே இருக்கிற ஐகர் மலையின் வடக்கு முகத்தைத் தனியாக ஏறி முடிச்சவர், பிரிட்டன்காரரிலே அதை முதல் செய்தவர். அப்படிப்பட்ட மனுசன் தொடங்கின இடத்திலே இருந்து தேத்தண்ணி குடிச்சது எனக்குப் பெரிய விசயம். ரோஸ்ட் பாணுக்கு மேலே பீன்ஸ் ஊத்தித் தந்தவை. ஜன்னலாலே பார்த்தால் ஏறுற ஆக்கள் எல்லாம் தெரியும்.

அங்கே ஒரு வழிக்குப் பெயர் கிறிஸ்மஸ் கறி! 1953-இல் டோனி மூலம் எண்டவர் முதல் ஏறினது. பெயரைப் பார்த்தவுடனே இதைத்தான் ஏறவேணும் எண்டு தம்பி பிடிவாதமாக நிண்டான். அவ்வளவு கஷ்டமான வழியும் இல்லை, எங்களை மாதிரி ஆக்களுக்கு நல்லது. நடுவிலே ஒரு தட்டிலே இருந்து, அம்மா கட்டித் தந்த எலுமிச்சம்பழச் சோத்தைச் சாப்பிட்டோம். கீழே கடலோரம் முழுக்க வடிவாகத் தெரிஞ்சது. இறங்கி வந்து கஃபேயிலே திரும்பவும் தேத்தண்ணி. பக்கத்து மேசைக்காரர், எந்த வழி ஏறினீங்கள் எண்டு கேட்டார். தம்பி பெயரைச் சொல்லிப்போட்டு, சாப்பிட்டதும் கறிதான் எண்டு சொல்ல, முழு மேசையும் எங்களோடே கதைக்கத் தொடங்கிட்டுது.

லிவர்பூலிலிருந்து:

நான் ஏறுகிறவன். அப்பா ஏறாதவர். 2018 கோடையில் அவர் தேனியிலிருந்து வந்திருந்தபோது 74 வயது, முழங்கால் வலி வேறு. மலையைப் பார்க்கவாவது கூட்டிப்போகலாம் என்று நினைத்தேன்.

லான்பெரிஸிலிருந்து பென்-ஒய்-பாஸ் என்ற கணவாய் உச்சி வரை பஸ்ஸில் போனோம். அந்த பஸ் சேவைக்குப் பெயரே ஷெர்ப்பா. அங்கிருந்து ஒரு மைல் கீழே பென்-ஒய்-க்ரிட் ஓட்டல். அப்பா மெதுவாகக் கைத்தடி ஊன்றி நடந்து வந்தார். எவரெஸ்ட் ஏறிய 1953 குழுவினர் முன்கூட்டியே பயிற்சிக்கு வந்து தங்கிய இடம் அது. உள்ளே ஓர் அறையின் கூரையில் அவர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

பாரில் தக்காளி சூப்பும் ரொட்டியும் வாங்கிக் கொடுத்தேன். சூப் ஆறிக்கொண்டே இருந்தது. அப்பா தலையைத் தூக்கிக் கூரையில் டென்சிங் கையெழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார். கண்டுபிடித்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். ஒன்பது வயதில், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் செய்தித்தாளைப் பிடித்து வாசித்தாராம். நம்ம ஆளு ஏறிட்டாருடா என்று சொல்லி வகுப்பு முழுக்கக் கைதட்டியதாம். இதை நான் பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவர் சொன்னதில்லை. கவுண்டரில் இருந்தவர் அப்பாவிடம் வந்து, அந்தக் குழுவைப் பற்றி ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனார். அப்பாவுக்கு இங்கிலீஷ் பாதிதான் புரியும். ஆனால் பெயர்கள் எல்லாம் புரிந்தன. ஹண்ட், ஹிலாரி, டென்சிங் என்று கூடவே சொன்னார்.

நான் ஏன் பாறையில் தொங்குகிறேன் என்று அதற்கு முன்பு பலமுறை கோபப்பட்டிருக்கிறார். திரும்பும்போது பஸ்ஸில், உன் கயிறு நல்ல கயிறுதானே என்று மட்டும் கேட்டார்.

பர்மிங்காமிலிருந்து:

எல்லாரும் நல்லதாகவே எழுதுகிறீர்கள், எனக்குப் பொறாமையாக இருக்கிறது. கசப்பான அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் போகிறவர்களுக்கு உதவும்.

நீண்ட வழி ஒன்றில் மாட்டிக்கொண்டு இருட்டிய பிறகு இறங்கினோம். ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை. போன இரண்டு இடத்திலும் சமையலறை மூடிவிட்டது. மூன்றாவது இடத்தில் சூடாகச் சாப்பிட ஏதாவது தர முடியுமா என்று கெஞ்சிக் கேட்டோம். காய்கறி சூப் என்று ஒன்று கொடுத்தார்கள். பாதி குடித்த பிறகுதான் இறைச்சி வேகவைத்த தண்ணீரில் செய்தது என்று தெரிந்தது. கேட்டபோது, காய்கறிதானே போட்டிருக்கிறோம் என்றார்கள். என் மனைவி பிறவியிலிருந்து சைவம். அன்றிரவு அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. எனக்கு இன்னும் அந்தக் கோபம் தீரவில்லை.

ஆகவே சைவக்காரர்கள் வாய்விட்டுக் கேளுங்கள்: சூப் எந்தத் தண்ணீரில் செய்தது, சிப்ஸ் எந்தக் கொழுப்பில் பொரித்தது? பிரிட்டனில் மாட்டுக்கொழுப்பில் பொரிக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. கிரேவி என்று ஊற்றுவதும் பல இடங்களில் இறைச்சிச் சாறுதான். காரில் ஒரு சின்ன கேஸ் அடுப்பும் ரவையும் வைத்திருங்கள். பத்து நிமிடத்தில் உப்புமா ஆகிவிடும்.

பாங்கரிலிருந்து:

நான் லான்பெரிஸுக்கு மிகப் பக்கத்தில் இருப்பவன். ஒரு விஷயம் சேர்க்கலாமா? முதல் பதிவில் சொன்ன குவாரி, டினார்விக் என்ற பெரிய சிலேட்டுக் குவாரியின் ஒரு பகுதி. உச்சத்தில் மூவாயிரம் பேர் வேலை செய்தார்கள், 1969-ல் மூடப்பட்டது. சிலேட் உடைத்தவர்கள் மதியச் சாப்பாட்டுக்குக் கூடும் குடிசைக்குக் ‘கபான்’ என்று பெயர். அங்கே டீ கொதிக்கும், ரொட்டி பிரிப்பார்கள், கூடவே அரசியல் விவாதம், பாட்டு, கவிதைப் போட்டி, எல்லாம் வெல்ஷ் மொழியில். யார் தலைவர், யார் செயலாளர் என்று முறையாகத் தேர்ந்தெடுத்து நடத்தியிருக்கிறார்கள்.

மேல் தளங்களில் இடிந்த கபான்களை இன்றும் பார்க்கலாம். ஓர் இடத்தில் தொழிலாளிகளின் பழைய பூட்ஸும் கோட்டும் அப்படியே கிடந்தன. ஏறி முடித்து அங்கே நின்று சாண்ட்விச் தின்றபோது எனக்கு உட்காரத் தோன்றவில்லை. நாம் பொழுதுபோக்காகத் தொங்கும் சுவரில் அவர்கள் காலில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு வெடிமருந்துக் குழி தோண்டியவர்கள்.

இன்னொன்று. அங்கே டீக்குப் ‘பனட்’ என்பார்கள். கடையில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். நம் ஊரில் ஒரு வெள்ளைக்காரர் வந்து, ஒரு டீ குடுங்கண்ணே என்றால் நமக்கு எப்படி இருக்கும்!

மான்செஸ்டரிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. லிவர்பூல் அண்ணா, அப்பா எழுந்து நின்ற இடத்தை நைட் ட்யூட்டியில் படித்துவிட்டு அழுதேன். பர்மிங்காம் அண்ணா, அண்ணிக்கு நடந்தது மிகவும் தப்பு. அடுத்த தடவை போகும்போது முன்கூட்டிச் சொல்லுங்கள், சமைத்து எடுத்து வருகிறேன். பாங்கர் நண்பரே, மூன்று வருடம் அந்தக் குவாரிக்குப் போயும் கபான் என்ற பெயர் எனக்குத் தெரியாது. அந்த அம்மாவிடம் கேட்டேன். அவருடைய தாத்தா அப்படி ஒன்றில்தான் தினமும் சாப்பிட்டாராம். அவர் ஏன் சொல்லவில்லை என்றால், நீ கேட்கவில்லையே என்கிறார்.

ஹாரோ தம்பி, கிறிஸ்மஸ் கறியை நான் இன்னும் ஏறவில்லை. மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை எனக்கு லீவு. அந்த அம்மாவும் வருகிறார், கயிறு இரண்டு இருக்கிறது. எலுமிச்சம்பழச் சோறு உங்கள் பொறுப்பு, மாவடு என் பொறுப்பு. காலை ஒன்பதரைக்கு எரிக்ஸ் கஃபே வாசலில் பார்ப்போம். வேறு யார் வருகிறீர்கள் என்று இங்கேயே எழுதுங்கள்.