வீட்டு வேலையைப் பிரித்துக்கொண்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மாவுக்காரர் மனைவி, பெரம்பூர்

நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகள் இரண்டு பேர். என் வீட்டுக்காரர் வேலைக்கு அலுத்துக்கொள்கிறவர் இல்லை, சொன்னால் எதையும் செய்வார். அந்தச் "சொன்னால்"தான் என்னைப் படுத்தி எடுத்தது. உளுந்து தீர்ந்துவிட்டது, சிலிண்டர் பதியணும், சின்னவனுக்கு வெள்ளிக்கிழமை வெள்ளை யூனிஃபார்ம், இதெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். உடம்பு வலி தூங்கினால் போய்விடும், இது போகாது.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, அரிசி ஊறப்போட மறந்துவிட்டேன் என்று தெரிந்ததும் அழுதுவிட்டேன். "சொல்லியிருந்தா நான் போட்டிருப்பேனே" என்றார். அன்றைக்கே சொல்லிவிட்டேன்: "இனிமே மாவு உங்க பொறுப்பு. அரைக்கிறது மட்டும் இல்ல, உளுந்து இருக்கான்னு பார்க்கிறதிலிருந்து கிரைண்டர் கழுவுறது வரைக்கும். நான் ஞாபகப்படுத்த மாட்டேன்."

நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அவ்வளவுதான் சொன்னேன். மே மாசம் அது, தூக்கை விளிம்பு வரை நிரப்பி மூடி வைத்துவிட்டார். காலையில் பார்த்தால் மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்து கீழே அலமாரிக் கதவு வரை இறங்கியிருக்கிறது. துணியை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவரே துடைத்தார். அடுத்த வாரம் பெரிய அடுக்கு வாங்கி வந்து பாதி வரைதான் ஊற்றினார், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது சனிக்கிழமை மத்தியானம் அவர் போனில்தான் அலாரம் அடிக்கிறது. உளுந்தில் ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் போட்டு, மிதந்தால்தான் கிரைண்டரை நிறுத்துகிறார். குழவியைக் கழற்றி, அச்சு இடுக்கில் காய்ந்த மாவைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கிறார். அந்த இடுக்கை நான்கூட இவ்வளவு கவனமாகத் தேய்த்ததில்லை. எனக்கு மாவு என்கிற நினைப்பே வருவதில்லை, அந்த நிம்மதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

வில்லிவாக்கம்

அக்கா, எனக்கு இது 2019-ல் நடந்தது. சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் ஏரி நாலும் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அந்தக் கோடை. மனைவிக்கு நைட் டியூட்டி. தெருவுக்கு லாரி எப்போது வரும், எத்தனை குடம் பிடிக்கலாம், எந்த டிரம்மில் குடிக்கிறது, எதில் புழங்குகிறது, எல்லாம் என் தலையில் வந்து விழுந்தது. ஆபீஸில் இருக்கும்போதும் டிரம்மில் எவ்வளவு மிச்சம் என்கிற நினைப்புதான். இத்தனை வருஷமும் அவள் இப்படித்தான் வீட்டையே சுமந்துகொண்டிருந்தாள் என்று அப்போதுதான் உறைத்தது. மழை வந்த பிறகும் தண்ணீர் சமாச்சாரத்தை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. மோட்டார் போடுவது, தொட்டி கழுவுவது, கேன் சொல்வது, இன்றைக்கும் நான்தான்.

மத்திய அரசு அதே 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு நாளைக்குச் சராசரி 299 நிமிஷம், ஆண்களுக்கு 97. அதுவும் செய்கிற ஆண்களை மட்டும் வைத்து எடுத்த சராசரி. நூறு ஆண்களில் ஏறக்குறைய 26 பேர்தான் செய்தார்கள். படித்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

மதுரை, ரெண்டு பெண் பிள்ளைகள்

எல்லாம் சரிதான், முழுசாகக் கொடுக்க இன்னொரு ஆள் வேண்டுமே? எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் பெரியவள். அதனால் நான் வேலையைப் பிரிக்கவில்லை, குறைத்தேன். துணிக்கு இஸ்திரி போடுவதை நிறுத்தினேன், யூனிஃபார்ம் மட்டும் தெருமுனை வண்டிக்குப் போகும். ராத்திரி ஒரே குழம்பு, காலையில் அதுவே தோசைக்கு. ஊரிலிருந்து வந்த அம்மா முகம் சுளித்தார், பரவாயில்லை. பெரியவளுக்குப் பத்து வயசு, அவளிடம் பால் கணக்கு மட்டும் கொடுத்திருக்கிறேன். எத்தனை பாக்கெட், என்றைக்கு வேண்டாம் என்று காலண்டரில் அவளே குறிக்கிறாள். மாசக் கடைசியில் பணமும் அவள்தான் எண்ணிக் கொடுப்பாள்.

மாவுக்காரர் மனைவி, பெரம்பூர்

மதுரை அக்கா, நீங்கள் சொன்னது நியாயம், நான் அதை யோசிக்கவே இல்லை. பால் கணக்கை என் பெரியவனிடம் இந்த மாசமே கொடுக்கப்போகிறேன். ஒன்று கேட்கணும்: ஒரு நாள் அவள் குறிக்க மறந்து பால் வராமல் போனால் என்ன செய்கிறீர்கள்?

மதுரை, ரெண்டு பெண் பிள்ளைகள்

ஒரு தடவை அப்படி ஆனது. அன்றைக்கு எல்லோருக்கும் வரக்காப்பி. சாயங்காலம் அவளே கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள்.