பூங்காவுக்கு விட்ட இடத்தில் குடிநீர்த் தொட்டி: ஊராட்சி கட்டலாமா?

கேள்வி (மனைப்பிரிவு வாசி, தருமபுரி)

வணக்கம். தருமபுரி நகரை ஒட்டிய ஓர் ஊராட்சியில், 2020-இல் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் பெற்ற சுமார் 6 ஏக்கர் மனைப்பிரிவில் குடியிருக்கிறோம். வரைபடத்தில் பூங்காவுக்கென்று 42 சென்ட் விடப்பட்டிருக்கிறது. நெடுநாள் சீமைக் கருவேலங்காடாகக் கிடந்த அந்த இடத்தை, சென்ற ஆடியில்தான் வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு, பொக்லைன் வைத்துச் சுத்தம் செய்து, ஓரமாகப் புங்கன் கன்றுகள் நட்டோம். இப்போது அதன் நடுவில் ஒரு லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி வரப்போகிறது என்று ஒப்பந்ததாரர் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கேட்டால், ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிவதற்கு முன்பே தீர்மானம் போட்டாகிவிட்டது என்கிறார்கள். தண்ணீர் வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. தெருக்கோடி வீடுகளுக்கு ஒகேனக்கல் தண்ணீர் நூல் போலத்தான் வருகிறது. ஆனால் பூங்கா இடம்தான் கிடைத்ததா? யாரிடம் முறையிடுவது?

பதில் 1 (ஓய்வுபெற்ற நில அளவையர்)

முதலில் தானப் பத்திரத்தின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எடுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட்டு, அதை உள்ளாட்சிக்குத் தானமாகப் பதிவு செய்து கொடுத்தால்தான் அங்கீகாரம் கிடைக்கும். அந்த இடம் ஊராட்சியின் பெயரில் இருப்பதனாலேயே ஊராட்சி விரும்பியதைக் கட்டலாம் என்று பொருளாகாது. எந்தப் பயனுக்காகக் கொடுக்கப்பட்டதோ அந்தப் பயனுக்கு அது கட்டுப்பட்டது. பெங்களூரில் பூங்கா மனையைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கிய வழக்கில், அந்த ஒதுக்கீடு செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மருத்துவமனை நல்ல காரியம்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

இதைவிட உங்களுக்கு உதவக்கூடிய செய்தி வேறொன்று உண்டு. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, உங்கள் அளவுள்ள மனைப்பிரிவில் பூங்காவுக்கு மேலாக இன்னும் ஒரு சதவீதம் பொதுப் பயன்பாட்டுக்கு விடவேண்டும். அதில் பாதி மின்வாரியத்துக்கு, பாதி உள்ளாட்சிக்கு. பூங்கா 42 சென்ட் என்றால் உள்ளாட்சியின் பங்கு சுமார் 2 சென்ட், அதாவது ஏறத்தாழ 85 சதுர மீட்டர் இருக்கும். ஒரு லட்சம் லிட்டர் தொட்டிக்கு 6 மீட்டர் விட்டமும் மூன்றரை மீட்டர் ஆழமும் போதும். அந்தத் துண்டு சதுரமாக இருந்தால் தொட்டி தாராளமாக அடங்கும். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மூலையைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே குப்பையோ யாருடைய மாடோ இருக்கும்.

பதில் 2 (பாலக்கோட்டுக்காரர்)

மேலே சொன்னவை சரியே. ஆயினும் தொட்டியைத் தள்ளிப்போட வைத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் நான். அதிலுள்ள ஃபுளோரைடால் என் பல்லில் படிந்த காவிக் கறை எந்தப் பற்பசைக்கும் போகாது. ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரம், மாற்று வழி இல்லாத இடத்துக்கே அந்தச் சலுகையும். காய்ச்சினாலும் அது போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களுக்கும் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியதன் காரணமே இதுதான்.

ஆகவே இடத்தைப் பற்றிப் பேசும் மனுவிலேயே இன்னொன்றையும் எழுதுங்கள்: புதிய தொட்டியில் ஒகேனக்கல் தண்ணீர் மட்டுமே ஏற்றப்பட வேண்டும், ஆழ்துளைத் தண்ணீருக்குத் தனிக் குழாய் வேண்டும். கோடையில் இரண்டையும் ஒரே தொட்டியில் கலந்துவிட்டால், அத்தனை செலவும் வீண். இதைக் கேட்காமல் பூங்காவுக்கு மட்டும் வாதாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வருகிறது.

பதில் 3 (கிருஷ்ணகிரி)

மரம் பற்றி மட்டும் ஒரு சொல். விரைவில் பச்சை தெரிய வேண்டும் என்று யாராவது கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை நடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குஜராத் அரசு 2023-இல் அதைத் தடை செய்தது. நீங்கள் நட்ட புங்கனே இந்த மண்ணுக்கு உகந்தது. மின்கம்பிக்கு நேர் கீழே மட்டும் உயரமாக வளர்வன வேண்டாம், ஒவ்வோர் ஆண்டும் மின்வாரியத்தார் வந்து தலையை வெட்டிவிடுவார்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. வரைபடத்தைப் பார்த்தோம். தென்கிழக்கு மூலையில் உள்ளாட்சிக்கென 2 சென்ட் இருக்கத்தான் செய்கிறது. மாடு இல்லை, ஒரு வைக்கோல் போர் நிற்கிறது. அந்த மூலை சற்றுப் பள்ளம் என்பதால் தண்ணீர் ஏறுமா என்று சந்தேகம் வந்தது. பொறியாளரான உறவினர் ஒருவர், தாங்கு தூண்களை இரண்டு மீட்டர் உயர்த்தினால் அந்தக் குறை தீரும் என்றார்.

மன்றத்துக்குப் பதிலாக ஊராட்சியைக் கவனிக்கும் தனி அலுவலரான வட்டார வளர்ச்சி அலுவலரிடம் இடமாற்றம் கோரி மனு கொடுத்துவிட்டோம். தனித் தொட்டி, தனிக் குழாய் என்ற கோரிக்கையையும் சேர்த்திருக்கிறோம். தீர்மானத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்துடன் கேட்டிருக்கிறோம், 30 நாள் அவகாசம். அதன் பிறகும் வேலை தொடங்கினால், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் தீர்மானத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் உள்ள மாவட்ட ஆட்சியரிடம், திங்கட்கிழமை குறைதீர் நாளில் போய் நிற்பதாக முடிவு செய்திருக்கிறோம். வைக்கோல் போர் என் பக்கத்து வீட்டுக்காரருடையது. பொங்கலுக்குள் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.