இடைத்தேர்தல், சிறப்புத் தேர்தல், எஞ்சுகாலத் தேர்தல்

வணக்கம் நண்பர்களே,

காலியான பதவியை நிரப்ப அமெரிக்காவில் நடக்கும் ‘ஸ்பெஷல் எலெக்‌ஷன்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> அமெரிக்காவில் நடப்பதைச் ‘சிறப்புத் தேர்தல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, எனக்கு இதில் உடன்பாடில்லை. ‘சிறப்பு’ என்றால் எதற்கான தேர்தல் என்பதே தெரியவில்லை. கலிபோர்னியா ஆளுநர் கேவின் நியூசமைப் பதவியிலிருந்து திருப்பி அழைக்கலாமா என்று 2021 செப்டம்பரில் கேட்டார்களே, அதுவும் அங்கே சிறப்புத் தேர்தல்தான். காலியிடம் என்ற பேச்சே அதில் இல்லை.

காலியிடத்தை நிரப்பும் தேர்தலுக்கு நம்மிடம் ‘இடைத்தேர்தல்’ இருக்கிறது. டீக்கடையில் பேசுகிறவருக்கும் புரியும். அமெரிக்கப் பிரதிநிதிகள் அவைக்கு அது அப்படியே பொருந்தும். அங்கே ஓர் இடம் காலியானால், நம் மக்களவையைப் போலவே, தேர்தல் வைத்துத்தான் நிரப்ப வேண்டும், நியமனம் கிடையாது.

குழப்பம் வருவது, அதிபரின் நான்காண்டுக் காலத்துக்கு நடுவில் வரும் ‘மிட்டெர்ம்’ தேர்தலால். அதையும் இடைத்தேர்தல் என்றே பலர் எழுதிவிடுகிறார்கள். ஜார்ஜியாவைப் பாருங்கள். செனட்டர் (அமெரிக்க மேலவை உறுப்பினர்) ஜானி ஐசக்சன் உடல்நிலை காரணமாக 2019 இறுதியில் விலகினார். ஆளுநர் கெல்லி லோஃப்லரை நியமித்தார். (செனட்டில் மட்டும் இப்படி இடைப்பட்ட நியமனத்துக்கு வழி உண்டு.) 2021 ஜனவரி 5 அன்று நடந்த மறுசுற்றில் ரஃபேல் வார்னாக் அவரை வென்று, மீதமிருந்த இரண்டு ஆண்டுகளுக்குச் செனட்டரானார். அப்புறம் 2022 மிட்டெர்மில் முழு ஆறாண்டுக்காக மறுபடி நின்றார். இரண்டுமே இடைத்தேர்தல் என்றால் படிப்பவர் “இப்போதுதானே ஜெயித்தார்?” என்று கேட்க மாட்டாரா? மிட்டெர்முக்கு ‘நடுக்காலத் தேர்தல்’ என்பது என் பரிந்துரை. ‘இடைக்கால’ வேண்டாம், இடைக்காலத் தடை, இடைக்கால பட்ஜெட் என்று அது வேறு பொருளில் நிலைத்துவிட்டது.

சரி, இதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். 2022 நவம்பர் கலிபோர்னியா வாக்குச்சீட்டைப் பார்த்தபோதுதான் யோசனை மாறியது. ஒரே சீட்டில் செனட்டர் அலெக்ஸ் பதீயா பெயர் இரண்டு முறை இருந்தது. ஒன்று முழுப் பதவிக்காலத்துக்கு. இன்னொன்று, கமலா ஹாரிஸ் விட்டுச்சென்ற செனட் இடத்தில் 2023 ஜனவரி 3 வரை மிச்சமிருந்த சில வாரங்களுக்கு. ஒரே நாள், ஒரே வாக்குச்சாவடி. இதில் ‘இடை’ எங்கே வருகிறது? பொதுத்தேர்தலோடு சேர்ந்தே அல்லவா நடக்கிறது!

அதனால் தேர்தல் நடக்கும் நேரத்தை விட்டு, நிரப்பப்படும் பதவியைப் பார்த்துப் பெயர் வைக்கலாம். ‘எஞ்சுகாலத் தேர்தல்’. ஊறுகாய், சுடுசோறு போல ‘எஞ்சுகாலம்’ வினைத்தொகை. நடுவில் ஒற்று மிகாது. எதிர்ச்சொல்லும் கூடவே கிடைக்கிறது: முழுக்காலத் தேர்தல். தனியாக வேறொரு நாளில் நடந்தால் இடைத்தேர்தல் என்ற பழகிய சொல்லே இருக்கட்டும். இப்படி ஒரே சீட்டில் இரண்டும் வரும்போது மட்டும் இது உதவும். ‘மீதிக்கால’ என்றும் எழுதிப் பார்த்தேன். கடையில் வாங்கும் மீதிச் சில்லறை நினைவுக்கு வருகிறது.

இலங்கை நண்பர்களுக்கு ஒரு கேள்வி. விகிதாசார முறை வந்தபின் அங்கே காலியிடம் கட்சிப் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடுகிறது. அப்படி வருகிறவர் வகிக்கும் மிச்சக் காலத்தை உங்கள் பக்கத்தில் எப்படிச் சொல்கிறீர்கள்? ஏற்கெனவே ஒரு சொல் புழங்கினால் என்னுடையதை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளலாம்.